இடம்பெயரும் மேடையும் நிலைபெற்ற பாட்டும்: தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வும் தமிழ் இசைநாடகமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இசைநாடக மரபுக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவர்தம் வரலாறு பெரிதும் புகழ்ச்சி நோக்கிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அவ்வாழ்வின் திருப்பங்களை அவர் இயற்றிய நாடகப் பனுவல்களின் இயல்போடு இணைத்து நோக்குகிறது. நடிகரின் மனம்போன போக்குக்கு இடங்கொடாத, சொல் திரியாத நாடகத்தை உருவாக்குவது அவர் வாழ்நாள் முயற்சி. அம்முயற்சியால் விளைந்த பனுவலே, அவர் மறைந்த பின்னர், ஒருவரையொருவர் முன்பின் அறியாத நடிகர்கள் ஒத்திகையின்றி ஓரிரவில் கூடி நடிக்கும் மரபுக்கு அடித்தளமாயிற்று. இம்முரணைப் புரிந்துகொள்வது, தமிழ் நாடக இலக்கியம் என்பதன் வரையறையை மீளாய்வு செய்யத் துணைபுரியும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: சங்கரதாஸ் சுவாமிகள், இசைநாடகம், பாலர் சபை, ஸ்பெஷல் நாடகம், வள்ளி திருமணம், சர்சுவேலா

1. முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றில் 1891 ஆம் ஆண்டு தனித்த இடம் பெறுவது. பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறியது அவ்வாண்டில்தான். பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்ததும் அவ்வாண்டில்தான். தூத்துக்குடியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் அவ்வேலையை விடுத்து நாடகக் குழுவொன்றில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். முதல் நிகழ்ச்சி படிப்பதற்குரிய நாடகத்தைத் தந்தது. இரண்டாவது, கற்றோர் பொழுதுபோக்காகப் பயிலும் நாடகத்துக்கு வழிவகுத்தது. மூன்றாவது, நாடகத்தையே பிழைப்பாகக் கொண்டோரின் நாடகத்தைச் செப்பம் செய்தது. இம்மூன்றனுள் முதலிரண்டும் இலக்கிய வரலாறுகளில் விரிவாகப் பேசப்படுகின்றன. மூன்றாவது பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. மனோன்மணீயம் நூலாக நம் கையில் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களோ மேடையில் வாழ்ந்தவை. நடிகர்களின் நினைவில் பயின்றவை. மலிவுப் பதிப்புகளில் பிறர் பாடல்களோடு கலந்து உலவியவை. எது அவருடையது, எது பின்வந்தோர் சேர்த்தது என்று பிரித்தறிவது எளிதன்று. எனவே இலக்கியமாக அவற்றை மதிப்பிட ஆய்வாளர் தயங்கினர். இத்தயக்கம் முறையானதா என்னும் வினாவுக்கு அவர்தம் வாழ்விலிருந்தே விடை தேட இக்கட்டுரை முயல்கிறது. அவர் மாணவராகிய டி.கே. சண்முகம் விட்டுச்சென்ற பதிவுகளும் நாடக உலகில் வழங்கிவரும் செய்திகளும் இதற்கு அடிப்படைகளாகும்.

2. பிறப்பும் கல்வியும்

சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7 அன்று பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரன் கணக்கர் மரபினர். இராமாயணச் சொற்பொழிவில் வல்லவராதலின் இராமாயணப் புலவர் எனப் பெயர் பெற்றவர். தாயார் பேச்சியம்மாள். கதையை மக்கள் நடுவே விரித்துரைக்கும் கலையை அவர் தம் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தார். காப்பியச் செய்யுளைப் பாடி, பொருள் விரித்து, கேட்போரை நெகிழச் செய்து, மீண்டும் செய்யுளுக்குத் திரும்பும் முறை அது. பிற்காலத்தில் அவர் நாடகங்களில் பாட்டும் வசனமும் மாறிமாறி வரும் அமைப்பை நோக்குங்கால் இவ்விளமைக் கேள்வியின் சாயல் புலப்படும்.

தொடக்கத்தில் தந்தையாரிடமும், பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடமும் அவர் தமிழ் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கு அவருடன் பயின்றவர். கவிராயரும் பின்னாளில் நாடகங்கள் இயற்றினார். திரைப்பாடலாசிரியர் உடுமலை நாராயணகவிக்கு ஆசிரியராகவும் விளங்கினார். பழைய முறைத் தமிழ்க்கல்வி பெற்ற இருவர் ஒரே காலத்தில் நாடகத்துறைக்கு வந்தமை கருதத்தக்கது. வெண்பா, கலித்துறை, விருத்தம், சந்தம், சிந்து, வண்ணம் எனப் பாவகை அனைத்தையும் நினைத்த அளவில் இயற்றும் பயிற்சி அக்கல்வியின் கொடை. புரவலர் அவையில் பாடிப் பரிசில் பெறும் வாழ்வு அருகிவந்த காலத்தில் அப்பயிற்சிக்குப் புதிய களம் தேவைப்பட்டது. அக்களத்தை நாடகக் கொட்டகை அளித்தது.

கல்விக்குப் பின் அவர் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றினார். நிலையான ஊதியம் தரும் அவ்வேலையை விடுத்து 1891 இல் நாடகத்துறை புகுந்தார். நாடகக்காரர் என்றால் மதிப்புக் குறைவாக நோக்கிய காலம் அது. கற்றறிந்த ஒருவர் அத்தொழிலை முழுநேர வாழ்வாக ஏற்றமை அன்று அரிய செயலே.

3. வேடம் தரித்ததும் துறந்ததும்

சுவாமிகள் நுழைந்தபோது தமிழ்மேடை மாற்றத்தின் நடுவே நின்றது. தெருக்கூத்தின் வட்டக்களரி ஒருபுறம்; பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் கொணர்ந்த திரைச்சீலையும் ஆர்மோனியமும் நுழைவுச்சீட்டும் மறுபுறம். தஞ்சை கல்யாணராமய்யர், கோவிந்தசாமி ராவ் முதலியோர் நடத்திய கம்பெனிகள் புதிய முறையில் நாடகங்களை நடத்திவந்தன. கதை தெரிந்ததே, பாடல்களும் ஓரளவு வரையறுக்கப்பட்டவையே. ஆனால் வசனம் பெரும்பாலும் நடிகரின் திறமைக்கே விடப்பட்டது. வாய்க்கு வந்ததைப் பேசுவதும், எதிரில் நிற்பவரை மடக்குவதற்காகக் கதைக்குப் பொருந்தாத வினாக்களைத் தொடுப்பதும் வழக்கமாயிருந்தன.

இராமுடு ஐயர், கல்யாணராமய்யர் ஆகியோரது குழுவில் சேர்ந்த சுவாமிகள் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய கொடும்பாத்திரங்களை ஏற்றார். சாமி நாயுடு குழுவில் சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். கணீரென்ற குரலும் அச்சந்தரும் தோற்றமும் அவ்வேடங்களுக்கு ஏற்றவையாக அமைந்தன. இக்காலத்தைச் சார்ந்த இரு நிகழ்ச்சிகளை அவரது வரலாறு தவறாது குறிப்பிடும். நளன் கதையில் சனீசுவரனாக நடித்த ஓர் இரவுக்குப் பின், விடியற்காலையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்ட பெண்ணொருத்தி அச்சத்தால் உயிர்நீத்தாள் என்பது ஒன்று. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் தோன்றிய வேகத்தைக் கண்டு அவையிலிருந்த கருவுற்ற பெண்ணுக்குக் கருச்சிதைவு நேர்ந்தது என்பது மற்றொன்று. இவற்றின் பின்னர் அவர் வேடம் தரிப்பதையே விட்டுவிட்டார் என்பர்.

இந்நிகழ்ச்சிகளை நடிப்பாற்றலுக்குச் சான்றாக மட்டும் கொள்வது மரபு. அவற்றின் விளைவே ஆய்வுக்கு முதன்மையானது. நடிகனாகப் பெறத்தக்க உச்சப் புகழை எட்டும் நிலையில் அவர் மேடையின் முன்புறத்தை விட்டுப் பின்புறம் சென்றார். அதுமுதல் பிறர் பேசுவதற்கான சொல்லை உருவாக்குவதே அவர் தொழிலாயிற்று. நடிப்பு எத்தகைய ஆற்றலுடையது, அது கட்டின்றி விடப்பட்டால் என்ன நேரும் என்பதைத் தம் உடலால் அறிந்தவர் அவர். பின்னாளில் எழுத்துக்கும் ஒழுங்குக்கும் அவர் தந்த அழுத்தத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

4. துறவும் தாளமும்

குழு வாழ்வில் சலிப்புற்ற சுவாமிகள் சிலகாலம் துறவு பூண்டு திருத்தலங்களுக்குச் சென்றுவந்தார். சுவாமிகள் என்னும் பெயர் அக்காலம் முதலே வழங்கலாயிற்று. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சுற்றுப்பயணத்தின் இறுதியில் அவர் வந்து சேர்ந்த இடம் புதுக்கோட்டை. கஞ்சிராவைக் கருநாடக இசையரங்குக்குக் கொணர்ந்தவராகப் போற்றப்படும் மான்பூண்டியா பிள்ளை அங்கு வாழ்ந்தார். அவர் சுவாமிகளை மகனைப்போல ஏற்று ஆதரித்தார். இலயக் கணக்குகளையும் சந்த நுட்பங்களையும் சுவாமிகள் அவரிடம் பயின்றார்.

சுவாமிகளின் வாழ்வில் இதனையே நடுநிகழ்ச்சியாகக் கொள்ளலாம். தண்டபாணி சுவாமிகளிடம் பெற்றது யாப்பறிவு. மான்பூண்டியா பிள்ளையிடம் பெற்றது தாள அறிவு. யாப்பிலக்கணம் அசையையும் சீரையும் எழுத்தின் அடிப்படையில் அளக்கும். தாளம் அவற்றைக் காலத்தின் அடிப்படையில் அளக்கும். இரண்டையும் ஒருங்கே கற்ற புலவர் எழுதும் பாட்டில் சொல் விழும் இடமும் அடி விழும் இடமும் முரண்படா. அத்தகைய பாட்டை ஓரளவே இசைப்பயிற்சியுள்ள நடிகனும் வழுவாமல் பாடிவிட முடியும். எந்த ஊர் மிருதங்கக்காரரும் அதற்கு வாசித்துவிட முடியும். மான்பூண்டியா பிள்ளையின் வற்புறுத்தலால் சுவாமிகள் மீண்டும் நாடகத்துறைக்கு வந்தபோது இவ்விரட்டைப் பயிற்சியோடு வந்தார்.

5. பாலர் சபைகள்

இதன்பின் வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேசுவரய்யர், பி.எஸ். வேலு நாயர் முதலியோரின் குழுக்களில் சுவாமிகள் ஆசிரியராக இருந்தார். நாடகப் பாத்திரப் பெயர்களே அடைமொழியாக நிலைக்கும் அளவுக்கு நடிகர்கள் செல்வாக்குப் பெற்றிருந்தமையை முதலிரு பெயர்களும் காட்டுகின்றன. அச்செல்வாக்கே ஆசிரியருக்குத் தடையாகவும் இருந்தது. புகழ்பெற்ற நடிகர் எழுதியதைப் பேசவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. குறித்த நேரத்தில் வரவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

சுவாமிகள் கண்ட தீர்வு சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்துவது. 1910 இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அவர் தோற்றுவித்தார். வள்ளலாரின் நெறியை நினைவூட்டும் அப்பெயர் அவரது சமய உள்ளத்தையும் காட்டும். எஸ்.ஜி. கிட்டப்பா போன்ற பெரும்பாடகர்களின் இளமைப் பயிற்சி சுவாமிகளோடு தொடர்புடையது. பின்னர் ஜெகந்நாதய்யரின் பாலமீன ரஞ்சனி சங்கீத சபையில் ஆசிரியராக இருந்தார். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று. டி.எஸ். கண்ணுசாமிப் பிள்ளை தம் மக்களோடு அச்சபையில் சேர்ந்தார். அம்மக்களே பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் பெயர் பெற்றனர். அவர்களுள் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு.

பாலர் சபை உண்டு உறைந்து கற்கும் குருகுலம் போன்றது. விடியலில் இசைப்பயிற்சி, பின்னர்ப் பாடம், மாலையில் ஒத்திகை, இரவில் நாடகம் என நாள் கழியும். எழுத்தறியாச் சிறுவரும் நூற்றுக்கணக்கான பாடல்களை மனப்பாடம் செய்தனர். பெண்வேடங்களையும் சிறுவரே ஏற்றனர். ஒழுங்கும் சொற்செம்மையும் அங்கு வளர்ந்தன. அதே வேளையில் அவ்வாழ்வின் கடுமையையும் மறைத்தல் கூடாது. இளம்பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து ஊர் ஊராக அலைந்தனர், இரவெல்லாம் விழித்தனர், குரல் உடையும் பருவம் வந்ததும் பலரின் வாய்ப்புச் சுருங்கியது. சுவாமிகளின் பனுவல் பெற்ற செம்மைக்கு அச்சிறுவரின் உழைப்பு விலையாக அமைந்தது என்பதையும் வரலாறு பதிவு செய்தல் வேண்டும்.

சுவாமிகளின் எழுத்து விரைவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அபிமன்யு சுந்தரி. ஏறத்தாழ நான்கு மணிநேரம் நடக்கத்தக்க அந்நாடகத்தைப் பாடலும் வசனமும் உட்பட ஓரிரவில் எழுதி முடித்தார் என்பது சண்முகம் தரும் செய்தி. சிறுவர் சண்முகம் அபிமன்யுவாக நடித்தார். இவ்விரைவு அருள்வாக்காகப் போற்றப்படுகிறது. பாவகைகள் கையிருப்பாக அமைந்த கல்வியும், இன்ன நடிகனின் குரல் இன்ன சுருதிக்கு எட்டும் என்னும் அன்றாட அறிவும் இணைந்தால் இவ்விரைவு கூடுவதே.

6. பனுவலின் அமைப்பு

வள்ளி திருமணம், கோவலன், சத்தியவான் சாவித்திரி, பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா, சதி சுலோசனா, பிரகலாதன், நல்லதங்காள், இலவகுசா, சிறுத்தொண்டர், மணிமேகலை, மிருச்சகடி எனச் சுவாமிகளின் நாடகங்கள் விரியும். புராணம், தமிழ்க்காப்பியம், நாட்டார் கதை, வடமொழி நாடகம் ஆகிய நான்கு ஊற்றுகளும் அவற்றில் உள்ளன. சேக்சுபியரின் ரோமியோ ஜூலியத்தும் சிம்பலைனும் அவரால் தமிழ்மேடைக்கு வந்தன.

இந்நாடகங்களின் பொது அமைப்பு மூன்று உறுப்புகளால் ஆனது. முதலாவது, பாத்திரம் மேடை புகும்போது பாடும் அறிமுகப் பாட்டு. அது பாத்திரத்தின் பெயர், நிலை, நோக்கம் ஆகியவற்றை உணர்த்தும். இரண்டாவது, தாளமின்றி இராகத்தில் விரியும் விருத்தம். நடிகரின் இசைத்திறனுக்கு இடமளிப்பது. மூன்றாவது, இருவர் மாறிமாறிப் பாடியும் பேசியும் வாதிடும் தர்க்கம். தர்க்கப் பாட்டில் ஒருவர் விட்ட சந்தத்தையே மற்றவர் எடுத்துக்கொள்வர். கதை நகர்வது பெரும்பாலும் இப்பகுதியிலேயே.

இசைக்குறியீடு எழுதும் வழக்கம் இம்மரபில் இல்லை. பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும், அல்லது முன்னரே அறிந்த ஒரு மெட்டும் குறிக்கப்படும். எஞ்சியதைச் சந்தமே சொல்லிவிடும். ஆகவே அப்பனுவலை அச்சில் மட்டும் படிப்போருக்கு எதுகை மோனை மிகுந்த எளிய பாட்டாகத் தோன்றுவது, பாடுவோருக்கு நடையும் நிறுத்தமும் உணர்த்தும் செயற்குறிப்பாக அமைகிறது. செய்யுள் நயம் ஒன்றையே அளவுகோலாக்கி அவற்றை அளந்தால் பாதிப்பயனே கிட்டும்.

7. வள்ளி திருமணமும் மலைநிலமும்

சுவாமிகளின் நாடகங்களுள் பெருவழக்குப் பெற்றது வள்ளி திருமணம். தினைப்புனம் காக்கும் குறமகளும், வேடனாகவும் முதியவனாகவும் உருமாறி வரும் முருகனும் அதன் நடுப்பாத்திரங்கள். நாரதர், வள்ளி, வேடன் ஆகியோரிடையே நிகழும் தர்க்கங்களே நாடகத்தின் உயிர். தலைவனைப் பற்றி ஏதுமறியாத மலைப்பெண் தன் புனத்துக்கும் தன் குடிக்கும் உரியவளாக நின்று, வந்தவனை வினவி மடக்குகிறாள். பெருந்தெய்வம் விடை சொல்லத் திணறுகிறது. குறிஞ்சித்திணையின் அகமரபு பொதுமேடையில் மக்கள் மொழியில் மறுபிறப்பு எடுத்த இடம் இது எனலாம்.

இக்கதைக்களத்தை மலைநாட்டிலிருந்து நோக்கும்போது வேறொரு பொருளும் தோன்றும். கொல்லிமலையில், குண்டனி நாடு உள்ளிட்ட மலைநாடுகளில், தினையும் சாமையும் இலக்கியச் செய்திகளாக மட்டும் இருந்தவை அல்ல. உழவும் உணவுமாக வழங்கியவை. கதிர் முற்றும் பருவத்தில் கிளி கடிதல் உண்மையான வேலை. அம்மலைக்குரிய வல்வில் ஓரியைப் புறநானூற்றில் பாடிய வன்பரணர், காட்டில் வேடன் போல எதிர்ப்பட்ட ஒருவன் முன் விறலியரோடு பாடி, அவன் கொடையால் அவனை அறிந்துகொண்ட செய்தியைக் கூறுகிறார் (152). அடுத்த பாட்டில், அவன் கொடையை நிறையப் பெற்ற சுற்றத்தார் ஆடலும் பாடலும் மறந்த நிலை சொல்லப்படுகிறது (153). வேட உருவில் தலைமகன் எதிர்ப்படுதல் என்னும் கூறு இரு மரபுகளுக்கும் பொது. நேரடித் தாக்கம் இருந்தது என்பது இங்குக் கருத்தன்று. மலைநில மரபின் நெடுந்தொடர்ச்சியையே இது காட்டுகிறது.

புறநானூற்றுக் காட்சி மற்றொரு வேறுபாட்டையும் தெளிவாக்கும். அலைந்து திரிந்த பாணர் குழு ஒரு புரவலனைக் கண்டடைந்தால் பசி தீர்ந்தது. சுவாமிகளின் குழுவும் அலைந்து திரிந்ததே. ஆயின் அதற்கு ஓரி இல்லை. ஒவ்வோர் ஊரிலும் கொட்டகை போட்டு, சீட்டு விற்று, அன்றன்றைய கூட்டத்தால் அன்றன்று உண்டது. ஆடலும் பாடலும் மறக்கும் அளவுக்கு நிறைவு அக்குழுவுக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. யாரென்று அறியாத மக்களைத் தொடர்ந்து இருத்திவைக்கும் கட்டாயமே பாடல்களின் எளிமைக்கும் தர்க்கங்களின் விறுவிறுப்புக்கும் காரணமாயிற்று.

8. மணிலாவின் சர்சுவேலா: ஓர் ஒப்பீடு

வெளியிலிருந்து வந்த மேடைமுறையை உள்நாட்டு மொழியின் இசைநாடகமாக மாற்றிய முயற்சி அக்காலத் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பிலிப்பைன்ஸ் தீவுகளில் நிகழ்ந்தது ஒப்புநோக்கத்தக்கது. பேச்சும் பாட்டும் கலந்த சர்சுவேலா என்னும் ஸ்பானிய நாடகவகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணிலாவுக்கு வந்தது. அதற்கு முன் அங்கு மக்கள் விரும்பியது கொமெத்யா. அரசர் போர்களையும் சமயப் பகையையும் செய்யுளில் இரவு நெடுக நடிக்கும் அவ்வகை, நம் கூத்தை நினைவூட்டுவது.

செவெரினோ ரேயஸ் (1861–1942) சர்சுவேலாவைத் தகலோக் மொழியில் வேரூன்றச் செய்தவர். ஸ்பானியருக்கு எதிரான புரட்சியைக் களமாகக் கொண்ட அவரது வாலாங் சுகத், 1902 இல் மணிலாவில் அரங்கேறியது. இசையமைத்தவர் ஃபுல்ஹென்சியோ தொலெந்தினோ. படுகாயமுற்றதாக நடித்து, சாகுந்தறுவாயின் விருப்பமெனக் காதலியை மணந்து, பின் காயமேதுமின்றி எழும் வீரனின் கதை அது. காயமில்லை என்பதே தலைப்பின் பொருள். பாடகி அதாங் தெ லா ராமா புகழ்பெற்ற தலாகாங் புகித் என்னும் சர்சுவேலா 1919 இல் திரைப்படமாகி, அந்நாட்டின் முதல் கதைப்படமாயிற்று. தமிழிலும் பவளக்கொடி 1934 இல் திரைக்கு வந்து எம்.கே. தியாகராஜ பாகவதரை அறிமுகம் செய்தது. இரு நாடுகளிலும் இசைநாடகம் திரைப்படத்துக்கு முதலாயிருந்து, பின்னர் அதனாலேயே நலிந்தது.

வேறுபாடுகளும் உள்ளன. சர்சுவேலாவில் நாடகாசிரியரும் இசையமைப்பாளரும் வேறு வேறானவர். சுவாமிகளிடம் இரண்டும் ஒருவரிடமே அமைந்தன. ரேயஸ் சமகால வாழ்வை மேடையேற்றினார். சுவாமிகள் புராணத்தையும் பழங்கதையையும் விட்டு விலகவில்லை. 1903 இல் அவுரேலியோ தொலெந்தினோ தம் நாடகத்துக்காக அமெரிக்க ஆட்சியால் கைதுசெய்யப்பட்டார். இங்கும் 1876 ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆயினும் சுவாமிகளின் பனுவலில் வெளிப்படையான அரசியல் இல்லை. அவர் அமைத்த புராணச் சட்டகத்தினுள் பின்வந்தோர் அரசியலைப் புகுத்தினர். வள்ளி திருமணத்தில் பறவை விரட்டும் கட்டத்தில், வெள்ளைக் கொக்கை விரட்டுவதாக வெள்ளையர் ஆட்சியைச் சாடிப் பாடிய விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார். 1940 இல் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர்நீத்தார். தினைப்புனக் காட்சியின் நெகிழ்ச்சியே அதற்கு இடமளித்தது.

9. இறுதி ஆண்டுகள்

1921 இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சுக் குன்றியது, கையும் காலும் செயலிழந்தன. சொல்லையே செல்வமாகக் கொண்டவருக்கு நேர்ந்த இவ்விழப்பின் கொடுமை சொல்லாமலே விளங்கும். எனினும் அவர் தம் குழுவை விட்டு விலகவில்லை. குழுவும் அவரை ஓர் ஊரில் விட்டுச் செல்லவில்லை. முகாம் மாறுந்தோறும் சிறுவர்கள் அவரையும் உடன் அழைத்துச் சென்றனர். அவர் எழுதியவற்றை அவர் முன்னிலையிலேயே அவர்கள் நடித்தனர்.

குழு புதுச்சேரியில் தங்கியிருந்தபோது 1922 நவம்பர் 13 அன்று சுவாமிகள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அவர் உடல் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சொத்தென்று எதையும் அவர் விட்டுச்செல்லவில்லை; நாடகங்களின் உரிமையையும் எவருக்கும் எழுதிவைக்கவில்லை. நாடகக் கலைஞர் பலரும் அவற்றைத் தம் உடைமையாகவே கருதி வழங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

10. மறைவுக்குப் பின்

டி.கே.எஸ். சகோதரர்கள் 1925 இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கி ஆசிரியரின் ஒழுங்கைத் தொடர்ந்தனர். ஆனால் சுவாமிகளின் நாடகங்கள் பரவலாக வாழ்ந்தது அவர்தம் ஒழுங்குக்கு நேர்மாறான மற்றொரு வழியில். அதுவே ஸ்பெஷல் நாடகம். அதற்கு நிலையான குழு இல்லை. ஊர்த்திருவிழாவுக்கு ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவர். பபூனும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனியே அமர்த்தப்படுவர். ஒத்திகை கிடையாது. இரவு தொடங்கி விடியும்வரை நாடகம் நடக்கும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து புகழ்பெற்றதும் இவ்வகை மேடையில்தான். பெண்வேடங்களைப் பெண்களே ஏற்கும் நிலையும் இங்கு வலுப்பெற்றது.

முன்பின் சந்திக்காத நடிகர்கள் கூடி நடிப்பது எவ்வாறு இயலும்? அனைவருக்கும் பொதுவான ஒரு பனுவல் மனப்பாடமாக இருந்தால் இயலும். வேலன் இன்ன பாட்டைப் பாடினால் வள்ளி இன்ன பாட்டால் விடை தரவேண்டும் என்பதை மதுரையில் பயின்றவரும் புதுக்கோட்டையில் பயின்றவரும் ஒருபடித்தாக அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி.வி. வைரமுத்து போன்றோரால் செழித்த இசைநாடகமும் இம்மரபின் கிளையே. நடிகரின் தன்போக்கை அடக்கச் சுவாமிகள் எழுதிய உறுதியான பனுவல், பின்னர் அத்தன்போக்குக்கே தளமாயிற்று. இடையில் எவ்வளவு விலகிச் சென்றாலும் அடுத்த பாட்டின் முதலடி அனைவரையும் மீட்டுக்கொண்டுவந்தது. சந்தமும் தாளமும் பொருந்த எழுதியதன் பயன் இவ்வாறு அவர் எண்ணியிராத திசையில் விளைந்தது.

11. முடிவுரை

சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வில் மூன்று விலகல்கள் உள்ளன: கணக்கர் பணியிலிருந்து விலகல், நடிப்பிலிருந்து விலகல், உலகியலிலிருந்து விலகல். ஒவ்வொன்றும் அவரைச் சொல்லின் பக்கமே கொண்டுசேர்த்தது. யாப்பும் தாளமும் இணைந்த கல்வி அச்சொல்லுக்கு உறுதி தந்தது. பாலர் சபை அதனைப் பல நூறு நாவுகளில் பதித்தது. உரிமை கோராமை அதனைப் பொதுவுடைமையாக்கியது.

தெளிவான மூலப்பாடம் இல்லை என்பதால் அவர் நாடகங்களை இலக்கிய ஆய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்துவது பொருந்தாது. பல கைப்பட்டு வழங்குதலே அவற்றின் இயல்பு. எனவே ஒரே மூலத்தை நாடும் பதிப்பைவிட, மேடைப்பாடங்களின் வேறுபாடுகளையும் இராக தாளக் குறிப்புகளையும் ஊர்வாரியாகப் பதிவுசெய்யும் பதிப்பே அவற்றுக்கு ஏற்றது. மூத்த நடிகர்களின் நினைவில் உள்ள பாடங்களை ஒலிப்பதிவு செய்தல் அதன் முதற்படி. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சுவாமிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிகழ்கலைத் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து செய்யவேண்டிய பணி இது. பாடுவோர் இருக்கும்போதே அதைத் தொடங்குதல் வேண்டும்.